எம்கேடாக்ஸில் தமிழ்க் கட்டுரைத் தளம்: எல்லாம் சரி, அந்த #_5 தவிர

ஒலவக்கோட்டு நண்பர் கேட்டார்: "உங்க குழுவோட கட்டுரைத் தளம் எம்கேடாக்ஸ்லதானுங்களே ஓடுது? எங்க பசங்களும் ஒண்ணு ஆரம்பிக்கணும்ங்கறாங்க. அதையே போட்டுக்கலாமுங்களா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. தளத்தின் பக்க அமைப்பை மாற்றிவிட்டு, தடம் மாறிப்போன லிங்க்குகளைத் தேடித் தேடிச் சரிசெய்துகொண்டிருந்த வாரம் அது. அதனால் கீழே வருவதில் கொஞ்சம் சூடு இருக்கும். எம்கேடாக்ஸும் (எளிய குறிகளோடு எழுதிய மார்க்டவுன் கோப்புகளிலிருந்து தளம் கட்டும் கருவி) அதன்மேல் போடும் மெட்டீரியல் தீமும் (பக்கத் தோற்றம்) என்னவென்று தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவும் கதை இங்கே இல்லை.

வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் கோவை, பொள்ளாச்சி. அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம். எழுதுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கட்டுரை தமிழில் இருக்கும், நடுவே மலையாளச் சொற்கள் வரும், நிரல் (கோடு) ஆங்கிலத்தில் இருக்கும். கேரளப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு லினக்ஸ் பள்ளியிலேயே பழகிவிடுகிறது. அவர்கள் தளத்தைத் தங்கள் கணினியில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டே அனுப்புவார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் போனிலேயே எழுதுகிறவர்கள்.

போன்காரர்களுக்கு இந்தக் கருவி உண்மையிலேயே நல்லது செய்கிறது. தளத்தின் அமைப்புகள் இருக்கும் யமல் கோப்பில் ரெப்போ (கோப்புகளின் கிட்ஹப் களஞ்சியம்) முகவரியும் எடிட் முகவரியும் கொடுத்து, கன்டென்ட்-ஆக்‌ஷன்-எடிட் வசதியை இயக்கிவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பென்சில் வரும். எழுத்துப்பிழையைக் கண்டவர் அதைத் தொட்டால் கிட்ஹப்பே ஃபோர்க் (அவருக்கென ஒரு நகல்) எடுத்துக் கொடுக்கும். திருத்தி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வந்து நிற்கும். கிட் கட்டளை ஒன்றுகூடத் தெரிந்திருக்க வேண்டாம். மெட்டீரியல் 9 வரிசைக்கு மாறியபின் பென்சிலைக் காணோம் என்றால், இந்த வசதியை நீங்கள் பெயர் சொல்லி இயக்கவில்லை என்று பொருள்.

எதிர்பாராமல் கிடைத்த இன்னொரு சுகம், தடித்த எழுத்து. தமிழில் உருபை இடைவெளி விடாமல் ஒட்டித்தான் எழுதுவோம். 'மாறி (வேரியபிள்)' என்பதை இருபுறமும் இரட்டை நட்சத்திரமிட்டு, இடைவெளி விடாமல் 'யை' ஒட்டினால் கிட்ஹப் முன்னோட்டத்தில் தடிப்பு வராது, நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். கிட்ஹப் பின்பற்றும் மார்க்டவுன் வரையறையான காமன்மார்க் விதிப்படி, முடிக்கும் நட்சத்திரத்துக்கு முன்னால் அடைப்புக்குறி போன்ற நிறுத்தக்குறி இருந்தால் பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தக்குறியோ இருந்தாக வேண்டும். நமக்கு அங்கே 'யை' வந்துவிடுகிறது. எம்கேடாக்ஸுக்கு உள்ளே இருக்கும் பைத்தான்-மார்க்டவுனுக்கு இந்த வம்பே கிடையாது, சரியாகத் தடித்துவிடும். வரிக்கு வரி உருபு ஒட்டுகிற மொழிக்கு இது பெரிய உபகாரம்.

அதே பைத்தான்-மார்க்டவுன் பட்டியலில் பழிவாங்கும். உட்பட்டியலுக்கு 4 இடைவெளி கட்டாயம். 2 விட்டால் கிட்ஹப்பில் படிபடியாகத் தெரிவது தளத்தில் ஒரே மட்டமாக விழுந்துவிடும். பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரியும் வேண்டும், இல்லாவிட்டால் பத்தியோடு ஒட்டிக்கொள்ளும். பட்டியலுக்குள் கோடு கட்டம் போட சூப்பர்ஃபென்சஸ் நீட்சி வேண்டும். இவையெல்லாம் ஒருமுறை சொன்னால் பழகிவிடுகிற சங்கதிகள்.

பழகவே பழகாதது ஒன்று உண்டு: தலைப்பு ஐடி, அதாவது ஒரு தலைப்புக்கு நேராகப் போகும் லிங்க்கில் # குறிக்குப் பின்னால் வரும் பெயர்.

பைத்தான்-மார்க்டவுன் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் ஐடி கட்டும். எப்படிக் கட்டும்? ஆஸ்கிக்குள் (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும் உள்ள தொகுப்பு) அடங்காத எழுத்துகளை எல்லாம் எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ்த் தலைப்பில் மிச்சம் ஒன்றுமே இருக்காது. ஐடியைக் காலியாக விட முடியாது என்பதால் _1, _2, _3 என்று எண் போட்டுக்கொண்டே போகும். பக்கத் தலைப்பு _1, முதல் உட்தலைப்பு _2.

கிட் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவுதல் _2, முதல் கமிட் _3, கிளை பிரித்தல் _4, மோதல் தீர்த்தல் _5. வேறு கட்டுரை எழுதியவர் "மோதல் வந்தால் இங்கே பாருங்கள்" என்று #_5-க்கு லிங்க் கொடுக்கிறார். பிறகு ஒரு நல்ல மனிதர் வந்து, நிறுவுதலுக்கு மேலே "என்னென்ன வேண்டும்" என்று ஒரு சிறு பகுதி சேர்க்கிறார். அவ்வளவுதான். இப்போது #_5 கிளை பிரித்தலுக்குப் போகும். லிங்க் உடைந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். இது உடையாமல் ஒரு பகுதி மேலே தள்ளிப் போய் நிற்கிறது. படிக்கிறவர் கட்டுரை எழுதியவருக்குத்தான் விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

சரிபார்க்க வசதி இல்லையா என்றால், இருக்கிறது. 2024-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து எம்கேடாக்ஸ் ஆங்கர்களையும் (# லிங்க் போய் நிற்கும் இடங்கள்) சோதிக்கும். இயல்பில் அது வெறும் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகும். வேலிடேஷன் பகுதியில் ஆங்கர்ஸ் என்பதை எச்சரிக்கையாக உயர்த்தி, ஸ்ட்ரிக்ட் முறையில் பில்டு (தளத்தைக் கட்டும் வேலை) ஓட்டினால் பில்டே நின்றுவிடும். ஆனால் நம் கதையில் #_5 என்ற ஐடி பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது, அதனால் சோதனை வாயே திறக்காது. ஒரு பகுதியை நீக்கினாலும் கடைசி எண்ணுக்குப் போகும் லிங்க் மட்டும்தான் மாட்டும். நடுவில் இடம் மாறியவை அனைத்தும் தப்பித்துவிடும்.

தலைப்பில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒரு தலைப்பில் நிறுவுதலும் இன்னொன்றில் நீக்குதலும் சேர்த்தால் இரண்டிலும் தமிழ் உதிர்ந்துவிடும். முதலாவது வெறும் பிப், இரண்டாவது பிப்_1. பார்வைக்கு ஆரோக்கியமான ஐடி, உள்ளே அதே வியாதி.

தலைப்பை ஐடியாக்கும் வேலைக்கு யூனிகோட் ஸ்லக் ஃபங்ஷனைப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். போட்டுப் பாருங்கள். நிறுவுதல் 'நறவதல' ஆகும், பிழை 'பழ' ஆகும். மாறி, முறை இரண்டுமே 'மற' ஆகி, பின்னால் வருவதற்கு மற_1 என்று மறுபடி எண் ஒட்டும். பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'சொல் எழுத்து' என்பதற்கான குறி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும்தான் ஏற்கும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'மார்க்' வகை, அதனால் வெளியே தள்ளப்படும். மலையாளத்துக்கும் இதே கதிதான், தெலுங்குக்கும் இதேதான்.

நாமே ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளலாம், பத்து வரிகூட வராது. தலைப்பை முதலில் என்எஃப்சி (துண்டுகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவு) வடிவுக்கு மாற்ற வேண்டும். சில கீபோர்டுகள் 'கொ'வின் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் சில இரண்டு துண்டாகவும் தரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உலாவிக்கு இரண்டும் வெவ்வேறு. பிறகு எழுத்து, மார்க், எண் ஆகிய மூன்று வகைகளை வைத்துக்கொண்டு, இடைவெளியைச் சிறு கோடாக்கி, மற்றதை எறிந்தால் போதும். அதை டாக் (பக்கத்தின் உள்ளடக்கப் பட்டியல்) நீட்சியின் ஸ்லக்கிஃபை அமைப்பில் பெயர் சொல்லி இணைக்கலாம். எம்கேடாக்ஸ் பில்டு என்று நேராக ஓட்டினால் "மாட்யூல் இல்லை" என்று விழும், பைத்தான் -எம் என்று தொடங்கி ஓட்டினால்தான் நடப்புக் கோப்புறையைத் தேடும். பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் வாட்ஸப்பில் ஒட்டினால் அழகு போய்விடும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். சதவீதக் குறியோடு விரிந்தால் 9 எழுத்து. 'நிறுவுதல்' என்பதில் 9 குறிகள், ஆக 81 எழுத்து நீளத்தில் ஒரு வால்.

உருப்படியான வழி ஒன்றே ஒன்றுதான். அட்டர்-லிஸ்ட் நீட்சியை இயக்கி, ஒவ்வொரு தலைப்பு வரியின் கடைசியிலும் நெளி அடைப்புக்குள் # போட்டு ஆங்கில எழுத்தில் ஒரு சிறு பெயரைக் கையால் எழுதிவிடுவது. தலைப்பை மாற்றினாலும் இடம் மாற்றினாலும் அந்தப் பெயர் நிலைக்கும். இதிலும் ஒரு கோளாறு: கிட்ஹப் முன்னோட்டத்தில் அந்த அடைப்பு வெறும் எழுத்தாகத் தெரிவதால், புதிதாக வருகிறவர்கள் ஏதோ குப்பை என்று அழித்துவிட்டு, "சுத்தம் செய்தேன்" என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார்கள். வெளியே ஏற்கெனவே பரவிவிட்ட பழைய #_5 லிங்க்குகளை சர்வரில் திருப்பிவிடவும் முடியாது, # குறியும் அதற்குப் பின்னால் இருப்பதும் சர்வருக்குப் போவதே இல்லை. எல்லாத் தலைப்புக்கும் பெயர் வைத்து முடித்தபின், உரிய தலைப்புக்கு மேலே _5 என்ற ஐடியோடு ஒரு வெற்று எச்டிஎம்எல் ஆங்கரை நட்டுவைக்கலாம். நாங்கள் செய்தது அதைத்தான்.

பக்க அமைப்பு பற்றிச் சுருக்கமாக. தீம் இழுத்துவரும் ரோபோட்டோவில் தமிழ் கிடையாது. அதனால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஒரே பக்கம் ஆளுக்கொரு முகம் காட்டும். ஃபான்ட் அமைப்பை ஃபால்ஸ் என்று அணைத்துவிட்டு எழுத்துருவை நீங்களே ஏற்றுங்கள். தமிழுக்கு மீரா இனிமை நன்றாக இருக்கும், கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தந்தது. எல்லைக்காரர்களுக்குப் பொருத்தம்தான், ஆனால் ஒரே தடிமன்தான் உண்டு. தடித்த எழுத்தை உலாவியே பூசிமெழுகும். தலைப்புகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போடுவது மேல். மலையாளத்துக்கு மஞ்சரி. வரி உயரம் 1.6 என்று தீம் வைத்திருப்பது மலையாளக் கூட்டெழுத்து வரும் வரியில் நெருக்கும், 1.8 ஆக்கினால் மூச்சு விடலாம்.

இருபக்கப் பட்டிகளுக்கு நடுவே மிஞ்சும் அகலம் தமிழின் நீளச் சொற்களுக்குப் போதாது. நீண்ட கட்டுரைகளில் முன்குறிப்புப் பகுதியில் ஹைட் என்று கொடுத்து வலப்பட்டியை மறைக்கலாம். இருபுறமும் சீராக்கும் ஆசை வேண்டவே வேண்டாம், சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். கோடு கட்டத்தில் தமிழ்க் குறிப்பை வரியின் வலப்புறம் எழுதி நேராக அடுக்க முயல்வதும் வீண். தமிழ் எழுத்து சம அகலம் இல்லாதது, வரிக்கு மேலே எழுதிவிடுங்கள்.

தீமின் பார்ஷியல் கோப்புகளை (பக்கத்தின் துண்டு வார்ப்புருக்கள்) அப்படியே நகலெடுத்து ஓவர்ரைட்ஸ் கோப்புறையில் திருத்தும் பழக்கம் அடுத்த மேம்பாட்டில் தலையில் விழும். உள்ளே பெயர்கள் மாறும், உங்கள் நகல் பழசாகவே நிற்கும். பிளாக் அளவில் நீட்டிக்கொண்டு, மற்றதைக் கூடுதல் சிஎஸ்எஸ் கோப்பில் செய்யுங்கள். தீம் பதிப்பை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பூட்டிவையுங்கள். "கடைசியாகத் திருத்திய நாள்" எல்லாப் பக்கத்திலும் ஒன்றாகவே வந்தால், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஃபெட்ச்-டெப்த் (எவ்வளவு வரலாற்றை எடுப்பது என்ற அமைப்பு) 0 ஆக இல்லை என்று அர்த்தம்.

நல்லதையும் கெட்டதையும் தட்டில் வைத்தால் நல்லதுதான் கனம். பென்சில் ஒன்றுக்காகவே மதிப்பெண் போடலாம். இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில் "வேண்டாமுங்க". 2014 முதல் இருக்கும் ஒரு கருவி, ஆங்கிலம் அல்லாத தலைப்பைப் பார்த்ததும் எண் போட்டு ஒதுக்குவதை இன்னும் இயல்பாகவே வைத்திருக்கிறது என்பது எனக்குச் செரிக்கவில்லை. மெட்டீரியல் குழு 2025 கடைசியில் ஜென்சிகல் என்ற புதுக் கருவியை அறிவித்திருக்கிறது. எம்கேடாக்ஸின் யமலை அப்படியே படிக்கும் என்பதில் மகிழ்ச்சி. உள்ளே மார்க்டவுனைப் படிப்பது அதே பைத்தான்-மார்க்டவுன் என்பதில் மகிழ்ச்சி இல்லை.

கேட்காமல் போட்டே தீருவோம் என்கிறவர்கள், முதல் கட்டுரையிலிருந்தே தலைப்பு ஐடியைக் கட்டாயமாக்கி, பில்டில் ஒரு சோதனை வையுங்கள். மார்க்டவுன் கோப்பில் # என்று தொடங்கும் வரிகளைத் தேடினால், கோடு கட்டத்தில் இருக்கும் பைத்தான் கமெண்ட்டுகளும் சேர்ந்து மாட்டும். அதனால் பில்டு முடிந்தபின் சைட் கோப்புறையின் எச்டிஎம்எல்லில் தேடுங்கள்: எச்1 முதல் எச்6 வரையிலான டேகுகளில், ஐடி அடிக்கோடும் எண்ணுமாக முடிந்தால் பில்டை நிறுத்திவிட வேண்டும். டேகு வரையறை அவசியம், ஏனென்றால் தீமின் டேப் பெட்டிகளின் ஐடியும் _1 என்றுதான் முடியும்.