கணினியோடு வந்த உதவியாளர்: உப்புவெளி விடுதி அலுவலகத்தில் ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய விருந்தினர் விடுதியின் அலுவலக வேலைகள் எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான் நடைபெறுகின்றன. முன்பதிவு கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதும், மாதக் கணக்கை முடிப்பதும், பிரதேச சபைக்கும் பிற அலுவலகங்களுக்கும் கடிதம் தயாரிப்பதும் என் பொறுப்பு. அந்தக் கணினியின் பணிப்பட்டையில் வாங்கும்போதே இடம்பிடித்திருந்த செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சில பருவகாலங்களாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை இங்கே குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த வகைச் செயலிகளுக்கே உரியவை என்பதும், பெயரைச் சொன்னால் பேச்சு விற்பனைப் போட்டியின் பக்கம் திரும்பிவிடும் என்பதுமே அதற்குக் காரணம்.

இயங்குதளத்தோடு உதவியாளர் சேர்ந்து வருவது புதிய வழக்கம் அல்ல. ஆப்பிள் நிறுவனம் 2016 ஆம் ஆண்டிலேயே தன் மக் (Mac) கணினிகளில் சிரி என்ற குரல் உதவியாளரைச் சேர்த்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் கோர்ட்டானா என்ற உதவியாளரைச் சில ஆண்டுகள் வைத்திருந்து, 2023 இல் அதை விலக்கிக்கொண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 11 இல் கோபைலட்டை அறிமுகப்படுத்தியது. திரையின் வலப்பக்கத்தில் ஒட்டி நின்ற அந்த முதல் வடிவம் திரையின் நிறத்தை இருளாக்குவது போன்ற சில அமைப்புகளைச் சொன்னவுடன் மாற்றக்கூடியதாக இருந்தது. அடுத்த ஆண்டே அது மற்றச் செயலிகளைப் போலத் தனிச் சாளரத்தில் திறக்கும் ஒன்றாக மாற்றப்பட்டது. விசைப்பலகையில் அதற்கெனத் தனி விசையும் வந்தது. இவற்றை நான் சொல்வது வரலாறு எழுதுவதற்காக அல்ல. இந்தச் செயலிகள் ஓராண்டு இருந்த நிலையில் அடுத்த ஆண்டு இருப்பதில்லை; பழகிய பொத்தான் ஒரு புதுப்பிப்புக்குப் பின் வேறிடத்தில் இருக்கும், நேற்றுச் செய்த வேலையை இன்று செய்ய மறுக்கும். நீண்டகாலம் பயன்படுத்த நினைப்பவர் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

'கணினியோடு சேர்ந்தது' என்று கேள்விப்படும்போது அதன் அறிவும் கணினிக்குள்ளேயே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் எழுதும் கேள்வி இணையத்தின் வழியே எங்கோ ஒரு தரவு மையத்துக்குப் போய், அங்கே தயாரான விடை திரும்பி வருகிறது. நம் மேசையில் இருப்பது வாசற்படி மட்டுமே. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழைக் காலத்தில், வாடைக் காற்றில் மரம் முறிந்து கம்பி அறுந்து, ரவுட்டரின் விளக்குகள் அணைந்து கிடக்கும் நாட்களில் அந்தப் பொத்தானை அழுத்திப் பயனில்லை. மடிக்கணினியின் மின்கலம் ஓடும், வேர்ட் திறக்கும், எக்செல் திறக்கும், உதவியாளர் மட்டும் இணைப்பு இல்லை என்று சொல்லி நிற்கும். கைபேசியின் டேட்டாவில் இணைத்தால் எழுத்துக் கேள்விகளுக்குத் தாராளமாகப் போதும். படங்களை ஏற்றத் தொடங்கினால்தான் செலவு தெரியும். சில பணிகளைக் கணினிக்குள்ளேயே செய்யும் புதிய வகைக் கணினிகளும் 2024 முதல் விற்பனையில் உள்ளன. ஆனால் அவற்றுக்கு மைக்ரோசொஃப்ட் வைத்த கோபைலட் பிளஸ் என்ற பெயரைப் பெறுவதற்கு ஒரு கணினியில் நொடிக்கு 40 இலட்சம் கோடி செயற்பாடுகளைச் செய்யும் தனிச் செயலாக்கச் சில்லும் 16 ஜிபி நினைவகமும் இருக்க வேண்டும். எங்கள் கணினி அந்த வரிசையில் சேராது. அதற்காகப் புதியது வாங்க வேண்டிய தேவையும் எனக்கு ஏற்படவில்லை.

மின்னஞ்சல் வேலையில் இந்தச் செயலி தன் கூலியைச் சம்பாதித்துவிட்டது என்று தயங்காமல் சொல்வேன். ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ வரும் கடிதத்தின் பொருளைத் தமிழில் கேட்டு அறிந்து, பதிலில் சொல்ல வேண்டியவற்றைத் தமிழிலேயே குறிப்பாக எழுதிக் கொடுத்தால், அனுப்பத்தக்க ஒரு வரைவு சில நொடிகளில் கிடைக்கிறது. முன்பு இதற்காக ஒருவருடைய ஓய்வு நேரத்துக்காகக் காத்திருந்த வேலை இது. ஆனால் வரைவை அப்படியே அனுப்புவதில்லை. எந்த அறையையும் சொர்க்கம் என்று வருணிப்பதும், கேட்காத வசதிகளை உறுதியளிப்பதும் அதன் இயல்பு. அறையிலிருந்து கடல் தெரிகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேலிக்கு அப்பால் தென்னைகளுக்கு இடையே ஓரளவு தெரியும் என்று நான் குறிப்பு எழுதினேன். அது பெருங்கடற் காட்சி என்று எழுதிக் கொடுத்தது. விருந்தினர் வந்து இறங்கியபின் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நானே. ஆகவே 'நான் தந்த குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்க வேண்டாம், புகழ்ச்சொல் வேண்டாம்' என்ற இரண்டு கட்டளைகளையும் ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் ஒட்டி விடுகிறேன். அதன் பிறகு வரைவு சுருங்கி, மனிதர் எழுதியது போல ஆகிவிடுகிறது.

ஊரைப் பற்றிய தகவல்களில் நிலைமை வேறு. நம் கடற்கரையின் பருவகாலம் மே முதல் செப்டம்பர் வரை. கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில்தான் நிலாவெளிக் கடல் குளம் போல் கிடக்கும். இலங்கையின் கடற்கரைக்கு எப்போது வரலாம் என்று கேட்ட ஒருவருக்குப் பதில் தயாரிக்கச் சொன்னபோது, டிசம்பர் முதல் மார்ச் வரை என்று அது எழுதியது. ஹிக்கடுவைக்கும் மிரிஸ்ஸவுக்கும் அது சரி. திருகோணமலைக்கு அந்தப் பருவத்தின் முதற்பாதி மழைக் காலம். இணையத்தில் இலங்கைச் சுற்றுலாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தெற்கையும் மேற்கையும் பற்றியது என்பதால், பெயர் சொல்லாமல் கேட்டால் அந்தப் பக்கத்து விடையே முந்திக்கொள்கிறது என்று கருதுகிறேன். ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. நிலாவெளிக் கடலிலுள்ள புறாமலைத் தீவுக்குச் செல்லும் நுழைவுக் கட்டணத்தைக் கேட்டால் மட்டும், எந்த ஆண்டுக்குரியது என்று தெரியாத ஒரு தொகையைச் சற்றும் தயங்காமல் தருகிறது.

இன்னொரு எடுத்துக்காட்டு இதைவிட நுணுக்கமானது. ஆழ்கடலில் மூழ்கிப் பார்ப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி. விருந்தினர் அறைகளில் வைக்கும் அறிமுகத் தாளுக்காக அதைப் பற்றி ஒரு பந்தி கேட்டேன். கப்பல் 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது என்று வந்தது. நாள் சரி, தாக்கியவர் சரி, அன்று காலை துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் தாக்கப்பட்டதும் சரி. ஆனால் ஹேர்மஸ் முந்திய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது. அது மூழ்கியது மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில். அதன் சிதைவு 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் அங்கேயே கிடக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருப்பார்கள். நான்கு உண்மைகளுக்கு நடுவில் ஒரு பிழை அதே நிதானமான நடையில் அமர்ந்திருப்பதே சிக்கல். தெரியும், தெரியாது என்ற வேறுபாடு அதன் குரலில் கேட்பதில்லை; எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணிப்பில் இயங்கும் ஒன்றுக்கு, ஒரே நாளோடு சேர்த்து எழுதப்படும் கப்பலும் துறைமுகமும் ஓரிடத்தில் பொருந்திவிடுகின்றன. அந்தத் தாளை நான் எழுதி, மொழிநடையை மட்டும் திருத்தச் சொன்னேன். அந்த வேலையைச் செவ்வையாகச் செய்து கொடுத்தது.

கணக்கு வேலையிலும் இதே கோடு ஓடுகிறது. செலவுப் பட்டியலை ஒட்டி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் சில வேளை சரியாகவும் சில வேளை சில ரூபாய் பிசகியும் விடை வருகிறது. ஆனால் மின்சாரக் கட்டணங்களை மட்டும் மாதவாரியாகக் கூட்டுவதற்கு எக்செலில் என்ன சூத்திரம் எழுத வேண்டும் என்று கேட்டால், சூத்திரத்தையும் விளக்கத்தையும் பிழையின்றித் தருகிறது. கூட்டலை எக்செல் செய்யட்டும், சூத்திரத்தை உதவியாளர் சொல்லட்டும் என்று வகுத்துக்கொண்டபின் மாத இறுதி வேலை அரை நாளுக்குள் முடிகிறது.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அது எழுதிய தமிழ் மொழிபெயர்ப்பின் வாடை வீசும் தமிழாக இருந்தது. இப்போது இலக்கணம் பெருமளவு தேறியிருக்கிறது. ஆங்கிலத்தை விடத் தமிழில் விடை மெதுவாக வருவதையும், நீண்ட ஆவணம் பாதியில் நின்றுபோவதையும் இன்றும் காண்கிறேன். இந்த உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக வெட்டியே கையாளுகின்றன. ஒரே கருத்துக்கு ஆங்கிலத்தில் தேவைப்படுவதைவிடத் தமிழில் அதிக துண்டுகள் தேவைப்படுவதே இதற்கு ஒரு காரணம். அலுவலகக் கடிதம் எழுதச் சொன்னால் இந்திய நிர்வாக அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறது. இலங்கையில் இல்லாத ஓர் அதிகாரிக்கு, இங்கே வழக்கில் இல்லாத ஒரு படிவத்தைக் குறிப்பிட்டு, மிகுந்த பணிவோடு விண்ணப்பம் தயாராகிவிடும். பிரதேச சபையிலிருந்து வந்த பழைய கடிதம் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, இந்த அமைப்பிலேயே எழுது என்று சொன்னால் அந்தக் குறை மறைகிறது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த ஆவணங்களே பெரிய தலையிடி. நம் நாட்டுத் தமிழ் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்றும் ஏராளமான கோப்புகள் பாமினியில்தான் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் இடங்களே. நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக அது போய்ச் சேர்கிறது. அதைக் கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொன்னபோது, உதவியாளர் மறுக்காமல் அழகான தமிழ்ப் பந்தி ஒன்றைத் தந்தது. மூலக் கடிதம் வடிகால் துப்புரவைப் பற்றியது. வந்த பந்தியில் பாடசாலை விழா ஒன்று நடந்துகொண்டிருந்தது. எழுத்துரு மாற்றத்துக்கென்று உள்ள எளிய மாற்றிகள் விதிப்படி எழுத்துக்கு எழுத்து மாற்றுபவை. அவை கற்பனை செய்வதில்லை. இந்த வேலைக்கு அவற்றையே பயன்படுத்த வேண்டும். தாளாகக் கையில் இருந்தால் ஒளிப்படம் எடுத்துக் கொடுப்பது நல்லது. படத்தில் உள்ள தமிழை அது ஓரளவு நன்றாகவே வாசிக்கிறது.

சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்களின் சாரத்தை அறிந்துகொள்வதற்கும் இதே வழி உதவுகிறது. எதைப் பற்றிய கடிதம், எங்கே போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். இறுதி நாள், தொகை, இலக்கம் ஆகிய மூன்றையும் மூலத்தாளில் என் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டு ஐயாவிடம் வாசித்துக் காட்டச் சொல்கிறேன். குரலில் பேசும் வசதியைச் சில முறை முயன்று கைவிட்டேன். நம் பேச்சுத் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை, விடுதி வாசலில் இருந்து கணினியோடு உரத்துப் பேசுவதும் அழகாக இல்லை.

எல்லாவற்றையும் விட நான் கவனமாக இருப்பது விருந்தினரின் கடவுச்சீட்டு விடயத்தில். வெளிநாட்டவர் தங்கும்போது விவரங்களைப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் அவற்றின் படங்கள் கணினியில் சேர்கின்றன. படத்தை உதவியாளரிடம் கொடுத்து, பெயரையும் இலக்கத்தையும் பட்டியலில் நிரப்பச் சொல்வது மிக எளிது. அந்த எளிமைதான் ஆபத்து. அப்படம் நம் கணினியை விட்டு வெளியே போகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் உள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் அறைச் சாவிக்காகக் கொடுத்த ஆவணத்தை மூன்றாம் தரப்புக்கு அனுப்பும் உரிமை எனக்கு இல்லை. திரையில் தெரிவதையெல்லாம் அவ்வப்போது படம்பிடித்துச் சேமித்துப் பின்னர் தேடித் தரும் ரீகோல் வசதியை மைக்ரோசொஃப்ட் 2024 மே மாதத்தில் அறிவித்தபோது, பாதுகாப்பு வல்லுநர்களின் கடும் எதிர்ப்பால் அது தள்ளிவைக்கப்பட்டு, பயனர் தாமே இயக்கினால் மட்டும் இயங்கும் வகையில் 2025 ஏப்ரலில்தான் பரவலாக வெளிவந்தது. அது சேமிப்பது கணினிக்குள்ளேதான் என்றாலும், பலர் கைபடும் ஒரு வரவேற்பு மேசைக் கணினியில் அத்தகைய வசதி எதையும் நான் இயக்க மாட்டேன்.

இலவசப் பதிப்பே எங்கள் வேலைக்குப் போதுமானதாக இருக்கிறது. மாதச் சந்தா கட்டும் பதிப்பை இதுவரை நாடவில்லை. நிலாவெளியில் புதிதாக விடுதி தொடங்கும் என் மச்சான் இதைப் பற்றிக் கேட்டபோது, செயலியைத் தாராளமாகப் பயன்படுத்தும்படியே சொன்னேன். அதோடு, அவருடைய கணினியில் இரண்டு பயனர் கணக்குகளை உருவாக்கிக் கொடுத்தேன். முன்மேசையில் வேலை செய்யும் தம்பிமார் மின்னஞ்சலுக்கும் உதவியாளருக்கும் ஒன்றைத் திறக்கிறார்கள். கடவுச்சீட்டுப் படங்களும் கணக்குப் புத்தகமும் மற்றதில் இருக்கின்றன, அதில் உதவியாளரை நீக்கிவிட்டோம்.