"ஜப்பான் மெஷின், ஸ்கேன், பெக்ஸ் எல்லாம் ஒண்டில": மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாங்க இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்கள், கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்கள், நொத்தாரிசுமாரிடம் கிளார்க்காக இருப்பவர்கள் எல்லாரும் கொஞ்சம் கவனியுங்கள். "ஜப்பான் ஏ கிரேட், பொக்ஸ் மட்டும் திறந்தது, பிரிண்ட், கொப்பி, ஸ்கேன், பெக்ஸ் நாலும் ஒண்டில" என்று பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் நம்ம பக்கம் சுற்றுகிறது. விலை புது மெஷினின் விலையில் பாதிக்கும் குறைவு. கூடவே "ஸ்டெபிலைசர் இலவசம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த இலவசப் பெட்டியைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள், ஏமாற்று முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

நான் கல்லடியில் வீட்டில் இருந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். பிறப்பு, திருமண அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதிகள், பொலிஸ் அறிக்கைகள், வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளின் சான்றிதழ்கள், இதுகள்தான் என்னிடம் வருகிறவை. ஸ்கேனர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. இந்தக் காலத்தில் பெக்ஸ் எதுக்கு என்று கேட்பீர்கள். கொழும்பில் எனக்கு வேலை தருகிற ஒரு சட்டத்தரணி அலுவலகம் இன்னும் பெக்ஸில்தான் அனுப்பச் சொல்கிறது, நானும் ஒவ்வொரு தடவையும் டவுனுக்கு ஓடிக் களைத்துப்போனேன். சரி, ரெண்டையும் ஒரே மெஷினில் முடிப்போம் என்றுதான் தேடத் தொடங்கினேன்.

கடை டவுனில்தான். பெயரைப் போடவில்லை, முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. அங்கே இருந்த பொடியன் நல்ல மரியாதை, தேத்தண்ணியும் எடுத்துத் தந்தான். "அக்கா, மட்டக்களப்பில கரண்ட் ஏறி இறங்கும்தானே, அதுக்குத்தான் நாங்க இந்த ஸ்டெபிலைசர் சும்மா தாறம், இதில குத்தித்தான் பாவிக்கணும், நேரா சுவரில குத்தினா வொரண்டி இல்ல" என்றான். கேட்க எவ்வளவு அக்கறையாக இருக்கிறது பாருங்கள். பின்பக்கத்தில் கடையின் பெயர் போட்ட பெரிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. 60,000 ரூபாவுக்குக் கிட்டக் கொடுத்தேன். பில்லில் எழுதியது "ஒபிஸ் மெஷின் - 1", அவ்வளவுதான். மொடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, புதுசா பழசா என்று ஒரு சொல் இல்லை. மொடல் நம்பர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு "அது வொரண்டி காட்டில வரும் அக்கா" என்றான். அந்தக் காட் இன்று வரை வரவில்லை.

முதலில் வாடை வந்தது. மெஷினில் இருந்து இல்லை, அந்த ஸ்டெபிலைசர் பெட்டியில் இருந்து. தொடர்ந்து பத்துப் பதினைந்து பக்கம் அடித்தால் பெட்டி ஊம் என்று இரையும், கை வைக்க முடியாத சூடு, லைட் எல்லாம் மங்கும். ஒரு நாள் பின்னேரம் ஒரு கட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் அப்படியே செத்துப்போனது. பக்கத்து வீட்டில் வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார், அவர் வந்து பார்த்துவிட்டு "அக்கா, இது ஸ்டெபிலைசர் இல்ல, இது 230ஐ 110 ஆக்கிற ட்ரான்ஸ்போமர்" என்றார். அப்புறம் அந்தக் கடை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் கம்பனியின் பிளேட். 100 வோல்ட், 9 அம்பியர். பக்கத்தில் ஜப்பான் எழுத்து.

விஷயம் இதுதான். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நம்ம நாட்டில் 230. அங்கே அலுவலகங்கள் கழித்துவிட்ட மெஷின்களை இங்கே இறக்கி விற்கிறார்கள். அதில் தப்பில்லை, சொல்லி விற்றால். தெரிந்தவர்கள் அதற்கு ஏற்ற பெரிய ட்ரான்ஸ்போமர் போட்டு வருசக்கணக்காக ஓட்டுகிறார்கள். ஆனால் லேசர் மெஷின் என்றால் டோனர் என்கிற மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு உள்ளே ஒரு சூட்டு உருளை இருக்கும், அது 200 பாகை செல்சியஸுக்குக் கிட்டப் போகும், அது சூடாகிற நேரம்தான் மெஷின் கரண்டை வாரி இழுக்கும். 100 வோல்ட், 9 அம்பியர் என்றால் பெருக்கினால் 900 வாட். எனக்கு இலவசமாகத் தந்த பெட்டியின் அடியில் 500 வாட் என்று இருந்தது, அதையும் நம்பேலாது என்றார் தம்பி. இன்னொன்று, பெக்ஸ் வாங்க வேண்டும் என்றால் மெஷின் இரவு பகல் 24 மணி நேரமும் ஓனில் இருக்க வேண்டும், அப்படியென்றால் அந்த ட்ரான்ஸ்போமரும் நாங்கள் நித்திரை கொள்ளும்போது சூடாகிக்கொண்டே இருக்கும். மேசைக்குக் கீழே, திரைச்சீலைக்குப் பக்கத்தில். யோசித்தால் நெஞ்சு பதறுகிறது.

"பொக்ஸ் மட்டும் திறந்தது" என்ற கதையும் அப்படித்தான். மெஷின் சாகிறதுக்கு முதல் ஒரு நாள் மெனுவுக்குள் போய்ப் பாவனை அறிக்கை என்று ஒரு பக்கம் அடித்துப் பார்த்திருந்தேன். கிட்டத்தட்ட எல்லா அலுவலக மெஷினிலும் அது இருக்கும், எத்தனை பக்கம் அடித்திருக்கிறது, எத்தனை பக்கம் ஸ்கேன் பண்ணியிருக்கிறது, எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது எல்லாம் அதில் வரும். இதில் 180,000 பக்கத்துக்கு மேல். கடையில் நிற்கும்போதே அந்தப் பக்கத்தை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், ரெண்டு நிமிச வேலை. "அது லொக் பண்ணியிருக்கு" என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

இனி ஸ்கேன். விளம்பரத்தில் 9600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 9600 புள்ளி, என்று போட்டிருந்தார்கள். அது கணக்குப் போட்டு ஊதிப் பெருப்பித்த எண். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கண் உண்மையாகப் பார்க்கிறது எவ்வளவு என்பதுதான் முக்கியம், அதை ஒப்டிக்கல் ரெசொலூசன் என்று போட்டிருப்பார்கள், இந்த மெஷினில் அது 600. எழுத்துப் பத்திரங்களுக்கு 300 போதும், ஏ4 தாள் 300இல் 2480க்கு 3508 புள்ளி வரும், தூதரகத்துக்கும் அனுப்பலாம். ஆக 600 குறைவு என்பது என் கோபம் இல்லை, 600ஐ வைத்துக்கொண்டு 9600 என்று சொன்னதுதான் கோபம்.

அதைவிடப் பெரிய தலையிடி டிரைவர், அதாவது மெஷினைக் கம்பியூட்டரோடு பேச வைக்கிற மென்பொருள். என்னுடைய லெப்டொப் விண்டோஸ் 11. இந்த மெஷினுக்கு அதில் ஸ்கேன் டிரைவரே இல்லை. பிரிண்டுக்கு மட்டும் ஏதோ பொது டிரைவர் ஒன்றைப் போட்டு ஒரு பக்கம் அடித்துக் காட்டிவிட்டு "எல்லாம் செட் அக்கா" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் பண்ண வேண்டும் என்றால் பென் டிரைவைக் குத்தி, அதில் ஏற்றி, பிறகு லெப்டொப்புக்கு மாற்ற வேண்டும். இதைக் கேட்டதற்கு "விண்டோஸ் 7 போடுங்க அக்கா, சூப்பரா வேலை செய்யும்" என்றான். விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரியில். சனங்களின் அடையாள அட்டையும் உறுதியும் கிடக்கிற கம்பியூட்டரில் அதைப் போடச் சொல்கிறான்!

உறுதி என்றதும் ஞாபகம் வருகிறது, இது நம்ம நாட்டு ஆட்களுக்கு முக்கியம். உறுதி எழுதுகிற நீளத் தாள் ஏ4 கண்ணாடியில் அடங்காது. ஏ4 நீளம் 29.7 சென்றிமீற்றர், லீகல் தாள் 35.6. கண்ணாடியில் வைத்தால் அடியில் கிடக்கிற கையெழுத்தும் முத்திரையும்தான் வெட்டுப்படும், அதாவது எது கட்டாயம் வேணுமோ அது. மேலே தாளை இழுத்துப் போகிற பீடர் லீகல் எடுக்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் தேய்ந்துபோன ரப்பர் உருளை உள்ள பழைய மெஷினில் மூல உறுதியைப் போட்டுவிடாதீர்கள். செங்கலடியில் இருந்து ஒரு அம்மா கொண்டுவந்த பழைய உறுதியை அது கோணலாக இழுத்துச் சுருட்டிவிட்டது. மூடியைத் திறந்து மெல்ல மெல்ல வெளியே எடுக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. அந்த அம்மா பக்கத்தில் இருந்து "என்ன மகள், கிழிஞ்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. நல்ல காலம், மடிப்போடு போனது.

பெக்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஒரு நாளும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. "போன் லைன் இருந்தா காணும்" என்றார்கள். என் வீட்டு 065 இலக்கம் 4ஜி ரூட்டரில் வருகிற போன், அதையும் கடையில் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "ஓம் ஓம், எதிலயும் போகும்" என்றான். பெக்ஸ் என்பது ரெண்டு மெஷின் கீச் கீச் என்று சத்தம் போட்டுப் பேசிக்கொள்வது. 4ஜி போன் மனிசக் குரலுக்கு ஏற்றமாதிரிச் சத்தத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், அந்தச் சுருக்கத்தில் கீச் சத்தம் சிதைந்துவிடும், பாதிப் பக்கத்தில் லைன் அறுந்துவிடும். பழைய செப்புக் கம்பி லைன் என்றால் பிரச்சினை இல்லை. பைபர் லைனில் சில வீடுகளில் போகும், சில வீடுகளில் போகாது, மெஷினில் பெக்ஸ் வேகத்தைச் செக்கனுக்கு 14,400 பிட்டில் இருந்து 9,600க்குக் குறைத்துப் பார்க்கலாம். பெக்ஸில் சாதாரணத் தரம் அங்குலத்துக்கு 204க்கு 98 புள்ளிதான், பைன் என்று வைத்தாலும் 204க்கு 196. எவ்வளவு நல்ல ஸ்கேனர் வைத்திருந்தாலும் ரப்பர் முத்திரை அந்தப் பக்கம் கறுப்புக் கட்டியாகத்தான் போய் விழும்.

கடைசியில் அந்தச் சட்டத்தரணி அலுவலகத்துக்குப் போன் எடுத்து "பீடிஎப் ஆக மெயிலில் அனுப்பினால் ஏற்பீர்களா" என்று கேட்டேன். அங்கே இருந்த மிஸ் "ஓ, அனுப்புங்களேன், எங்களுக்கும் அதுதான் சுகம்" என்கிறா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்கள் கடிதத் தலைப்பில் தொலைநகல் என்று அச்சடித்தது பழைய காலத்தில், அதை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பெக்ஸ் மெஷினுக்குக் காசு கொடுக்க முதல் பெக்ஸ் கேட்கிற இடத்துக்கு ஒரு கோல் எடுங்கள். வருசத்தில் ஒன்றிரண்டு என்றால் கொமினிகேஷனில் கொடுத்துவிட்டு வரலாம்.

திரும்பக் கொண்டுபோனபோது கடையில் சொன்னதைக் கேளுங்கள். ட்ரான்ஸ்போமர் இலவசப் பொருள், அதற்கு வொரண்டி இல்லை. மெஷின் செத்தது கரண்டால், கரண்டுக்கும் வொரண்டி இல்லை. கரண்டைத் தந்தது அவர்களுடைய பெட்டி! இதைச் சொன்னால் "கொழும்பில இருந்து இஞ்சினியர் வருவார், அடுத்த கிழமை பாப்பம்". அந்த அடுத்த கிழமை வரவே இல்லை. மரியாதையாகப் பேசிய பொடியனைக் காணவில்லை, பின்னால் இருந்து ஒரு முதலாளி வந்து "பில்லில புதுசு எண்டு எங்க தங்கச்சி போட்டிருக்கு?" என்று கேட்டார்.

இப்படி இழுத்தடிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க விற்பனை நடந்து 3 மாதம்தான் அவகாசம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. கடைக்காரர் தந்த "வொரண்டியும்" 3 மாதம். இஞ்சினியரைக் காத்துக்கொண்டிருந்தால் ரெண்டும் ஒன்றாக முடிந்துவிடும். அதனால் காத்திருக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்தால் எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். அதே சட்டத்தில் நாங்கள் கேட்டால் வியாபாரி பில் தந்தே ஆக வேண்டும் என்றும் இருக்கிறது, கேளுங்கள், மொடலும் சீரியலும் "புதியது" அல்லது "பாவித்தது" என்ற சொல்லும் எழுதிய பில்லாகக் கேளுங்கள். என் கையில் இருந்த பில் உதவவில்லை. உதவியது விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் அந்தப் பொடியன் வட்ஸ்அப்பில் அனுப்பிய வொய்ஸ் மெசேஜும்தான். "புத்தம் புதுசு அக்கா, பொக்ஸ் மட்டும்தான் திறந்தது" என்று அவன் குரலிலேயே இருக்கிறது. நான் சண்டை பிடித்த அன்று இரவே அந்த விளம்பரத்தை அழித்துவிட்டார்கள், பிறகு வேறு படத்தோடு திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது நான் பாவிக்கிறது யூஎஸ்பி வயர் ஒன்றிலேயே கரண்டும் எடுத்துக்கொள்கிற ஒரு தட்டை ஸ்கேனர், கனன் லைட் (LiDE) வகை. மை இல்லை, சூடு இல்லை, டோனர் இல்லை. அதில் ஒரு குறை, கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கிற தாளை மட்டும்தான் தெளிவாக எடுக்கும், தடிப்பான புத்தகத்தின் நடு மடிப்பு மங்கும். உறுதியை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று ரெண்டாக எடுத்து ஒட்டுகிறேன், கொஞ்சம் கரைச்சல்தான். பிரிண்ட் அதிகம் தேவையானவர்கள் மையோடு வருகிற நாலும் ஒண்டு மெஷின் வாங்கினால், மை முடிந்தபின் ஸ்கேன் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். சில மெஷின் மை முடிந்தால் ஸ்கேனையும் பூட்டிவிடும், 2021இல் அமெரிக்காவில் இதற்காகவே ஒரு பெரிய கம்பனி மேல் வழக்குப் போட்டார்கள்.

என்னுடைய முறைப்பாடு அதிகாரசபையின் மட்டக்களப்பு அலுவலகத்தில் கிடக்கிறது, கடைக்காரரையும் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதே மாதிரி "இலவச ஸ்டெபிலைசரோடு" மெஷின் வாங்கியவர்கள் காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை எங்கே இருந்தாலும் சரி, பின்பக்க ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு. அடியில் 100 வோல்ட் என்று இருந்தால் பிளேட்டையும் பில்லையும் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள், விசாரணைக்குப் போகும்போது என்னுடையதோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.