சம்பளச் சீட்டு இல்லாதவனின் கிரெடிட் கார்டு: நான்கு ஆண்டு அனுபவம்

வேலையில் இருந்த நாள்களில் வாரம் ஒருமுறையாவது யாராவது போன் செய்து, "கார்டு வேண்டுமா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று வைத்துவிடுவேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு நானாகப் போய்க் கேட்டபோது கொடுக்க ஆளில்லை. மாதச் சம்பளம் என்ற கட்டத்தில் ஓய்வூதியத் தொகையை எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் நிராகரித்துவிட்டார்கள். வயதுதான் காரணம் என்று மனம் சுருங்கியது. விசாரித்தால் கதை வேறு. என் பெயரில் கடன் வரலாறே கிடையாது. கடன் இல்லாமல் காலம் தள்ளியதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். கடனை வாங்கித் திருப்பிக் கட்டியதை வைத்து மதிப்பெண் போடுகிறவர்கள் கணக்கில் நான் தேர்வே எழுதாத மாணவன்.

பிறகுதான் வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கார்டு வாங்கும் வழி தெரிந்தது. சம்பளச் சீட்டு கேட்கவில்லை. வைப்புத்தொகைக்குச் சற்றுக் குறைவாகக் கடன் வரம்பு கொடுத்தார்கள். வைப்புக்கு வட்டியும் வழக்கம்போல வந்தது. ஆனால் கார்டை மூடும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. இதை யோசிக்காமல் மருத்துவச் செலவுக்கென்று வைத்திருந்த தொகையையே ஈடாகக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஆண்டே கண் அறுவை சிகிச்சை வந்தது. மகனிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று. அவசரத்துக்கு வேண்டாத சிறு தொகையை மட்டும் ஈடு வையுங்கள். ஓய்வுக்கு ஓரிரு ஆண்டு மீதமிருப்பவர்கள் சம்பளம் வரும்போதே சாதாரணக் கார்டை வாங்கிவிட்டால் இந்த வம்பே இல்லை.

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சாகி வரும். முதல் மாதம் அதைத்தான் கட்டவேண்டிய தொகை என்று நினைத்துக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மீதிக்கு வட்டி விழுந்தது. மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 என்று பேனாவால் கணக்குப் போட்டேன். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 42-ஐத் தாண்டுகிறது. பாக்கி 100 என்று வைத்து 5 கட்டினால், அதில் 3 வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது 2 மட்டுமே. பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத அவகாசம் கிடையாது. அன்றே முழுத் தொகையும் கெடு தேதிக்கு முன் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்தேன். அதன்பின் ஒரு காசு வட்டி கட்டவில்லை. கார்டில் ரொக்கம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

சலுகைப் புள்ளிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: என் செலவுக்கு அவை ஆண்டுக் கட்டணத்தைக்கூட ஈடுகட்டவில்லை.

எழுத்துதான் பெரும் தொல்லை. சாம்பல் நிற அட்டையில் வெள்ளி நிற எண்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் 3-ஆ 8-ஆ என்று தெரியும். பின்பக்கத்து மூன்று இலக்கத்துக்குப் பூதக்கண்ணாடி தேவை. அதற்குள் இணையத்தில் பணம் கட்டும் பக்கம் காலாவதியாகிவிடும். அதன்பின் கைப்பேசிக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்வதில்லை என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். "சார், உங்கள் கார்டு முடங்கப் போகிறது" என்று ஒருவன் குழைந்தபோது, முடங்கட்டும் என்றேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நிறுவனத்தின் இலவசச் சோதனைச் சந்தா, சொல்லாமல் கொள்ளாமல் ஆண்டுச் சந்தாவாக மாறிப் பில்லில் ஏறியது. கார்டு கொடுத்த வங்கிக்குக் கெடுவுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தேன்; விசாரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து நேராகப் போயிருந்தால் என் பணத்துக்கு நானே அலைந்திருப்பேன். கார்டு வைத்திருப்பதற்கு நான் கண்ட நல்ல காரணம் இதுதான்.

மனைவிக்கு என் கணக்கிலேயே கூடுதல் கார்டு வாங்கியிருந்தேன். அதன் நிபந்தனைகளை அவள்தான் பொறுமையாகப் படித்தாள். "நீங்கள் போய்விட்டால் இந்தக் கார்டும் போய்விடும் என்று போட்டிருக்கிறதே" என்றாள், காய் நறுக்கிக்கொண்டே. உண்மைதான், முதன்மைக் கார்டு மூடப்பட்டால் கூடுதல் கார்டும் செல்லாது. மறுவாரமே அவள் பெயரில் இருந்த ஒரு சிறு வைப்பை ஈடு வைத்துத் தனிக் கார்டுக்கு விண்ணப்பித்தோம். வந்துவிட்டது. அதன் எண்கள் கறுப்பு மையில், வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது.