மாரிச் சேத்துக்கு மட் ரயர்: முன்னுக்கு ஒண்டு காணும்

மவுண்டன் பைக்குக்கு மட் ரயர் (சேத்துக்கெண்டே செய்த ரயர்) போடட்டோ, இல்லாட்டி நல்ல அகலமான ரயர் ஒண்டே காணுமோ எண்டு கேக்கிற பெடியளிட்டை நான் திருப்பிக் கேக்கிறது நீங்கள் எந்தச் சேத்துக்கை ஓடப்போறியள் எண்டுதான். எங்கடை யாழ்ப்பாணத்துப் பக்கத்திலையே சேறு ரெண்டு சாதி. கோண்டாவில், உரும்பிராய், புத்தூர்ப் பக்கம் செம்மண், கீழை சுண்ணாம்புக்கல்லு கிடக்கிறபடியா மழை விட்டோண்ணை தண்ணி கெதியா இறங்கீடும், மேலை மட்டும் வழுக்கும். கைதடி, அரியாலை, அராலி வயல்கரைப் பக்கம் போனியளெண்டா அது களி, ஒட்டினா விடாது, சில்லு சுத்தச் சுத்த இன்னும் அள்ளிக்கொண்டு வந்து கடைசியிலை போர்க்குக்கையும் (முன் சில்லைப் பிடிக்கிற கவர்) பிறேக்குக்கையும் இறுகி சைக்கிளைத் தோளிலை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

களிக்கு அகலமான ரயர் சரிவராது. இதைக் கனபேர் நம்பமாட்டினம், அகலம் கூடினாப் பிடிக்கும் எண்டு நினைக்கினம். மணலுக்கு அது சரி, மணற்காட்டுப் பக்கம் ஓட அகலம்தான் வேணும். சேத்துக்கு ரயர் ஒடுக்கமா, அதின்ரை மேலை துருத்திக்கொண்டு நிக்கிற றப்பர்க் கட்டையள் உயரமா, ஒண்டுக்கொண்டு தூரத்தூர இருக்கவேணும், அப்பதான் மேலை உள்ள கொழகொழப்பை வெட்டிக்கொண்டு கீழை இறுக்கமான மண்ணிலை போய்ப் பிடிக்கும், சுத்தேக்கை இடையிலை உள்ள சேறும் கழண்டு தெறிக்கும். சைக்ளோகுறொஸ் எண்டு சேறு, புல்லுக்கை ஓடுற சைக்கிள் போட்டியளிலை, யூசிஐ எண்ட உலகச் சைக்கிள் சங்கத்தின்ரை சட்டப்படி ரயர் 33 மில்லிமீற்றருக்கு மேலை போகேலாது, அந்த ஒடுக்க ரயரிலைதான் அவங்கள் ஐரோப்பாவிலை பனிக்காலச் சேத்துக்கை உழுதுகொண்டு ஓடுறாங்கள். மலையிலை இருந்து கீழை இறங்கி ஓடுற டவுன்ஹில் காரர் அகலமான ஸ்பைக் ரயர்தான் (கூரான உயரக் கட்டை வைச்சது) போடுறவை, ஆனா தரை கொஞ்சம் இறுகினா அந்தக் கட்டையளின்ரை நுனியைக் கத்தரிச்சுப்போட்டு ஓடுவினம்.

என்ரை பழைய 26 இஞ்சிச் சைக்கிள், வி பிறேக் (றிம்மைக் கட்டையாலை அமத்திற பிறேக்). முன்னுக்கு கொன்ரினென்டல் கொம்பனியின்ரை மட் கிங் எண்ட மட் ரயர், அகலம் 1.8 இஞ்சி, லண்டனிலை இருந்து வந்த மச்சான் சூட்கேசுக்கை மடிச்சுக் கொண்டுவந்தவர் (மடிக்கிற ரயர் எண்டபடியாத் தப்பிச்சுது, கம்பி வைச்சதெண்டாச் சூட்கேசுக்கை அடங்காது). பின்னுக்குச் சாதாரண 2.1, நடுத்தரக் கட்டை. கனகாலமா மாரிக்கு இதுதான். முன் சில்லு வழுக்கினா ஆள் விழவேண்டியதுதான், பின் சில்லு கொஞ்சம் இழுபட்டாலும் சமாளிக்கலாம், அதாலை பிடிப்பு முன்னுக்குத்தான் முக்கியம். லான்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) போன தடத்துக்கை விழுந்தாலும் முன் சில்லு ஏறி வெளியிலை வருது, முந்தி இருந்த அகல ரயர் தடத்தோடையே இழுத்துக்கொண்டு போகும்.

தார் றோட்டிலை உந்த மட் ரயர் உழக்கச் சரியான பாரம். வல்லைவெளியிலை எதிர்க்காத்தும் சேர்ந்தா விசர் பிடிக்கும், சத்தமும் லொறி வாற மாதிரி. நனைஞ்ச கொங்கிறீட் ஒழுங்கையிலை கவனம், உயரக் கட்டையள் வளைஞ்சு குடுக்கும், திரும்பேக்கை திடீரெண்டு வழுக்கும். தார் அதிகமா ஓடினாக் கட்டை தேஞ்சும் போடும், அதாலை தை பிறந்து தரை காயத் தொடங்கக் கழட்டி நிழலுக்கை தொங்கவிட்டுடுவன்.

காத்து நான் முன்னுக்கு 30 பிஎஸ்ஐக்குக் கிட்ட, பின்னுக்கு ரெண்டு மூண்டு கூட, என்ரை நிறை 70 கிலோவுக்குள்ளை. ரியூப் போட்டு இதைவிடக் குறைச்சா கல்லிலை அடிபடேக்கை றிம் ரியூப்பைக் கடிச்சு ரெண்டு ஓட்டை போட்டுடும். ரியூப்லெஸ் எண்டா இன்னும் இறக்கலாம், உள்ளுக்கு ஊத்துற பால் (ஓட்டையை அடைக்கிற திரவம்) முள்ளுக்கும் உதவும். எங்கடை ஒழுங்கையளிலை வேலி வெட்டிப் போட்ட கிளுவை முள்ளு சேத்துக்கை கிடந்தாக் கண்ணுக்குத் தெரியாது, உந்த றேஸ் ரயருகளோ பக்கம் மெல்லிசு.

வாங்கேக்கை வெறும் 26 எண்டதைப் பாத்து வாங்காதையுங்கோ. மவுண்டன் பைக் 26க்குப் பக்கத்திலை 559 எண்டு இருக்கவேணும் (ரயர் றிம்மிலை உக்காருற இடத்தின்ரை விட்டம், மில்லிமீற்றரிலை), 590 எண்டும் ஒரு 26 இருக்கு, அது உங்கடை றிம்முக்குச் சரிவராது. 27.5 எண்டா 584, 29 எண்டா 622.

நாங்கள் கூட்டாளியள் சேந்து வெறும் வெளியிலை ஓட்டம் வைக்கிறதெண்டா மட்டும் பின்னுக்கும் மட் ரயர் மாத்துவன், அண்டைக்குத் தார் ஓடுற வேலை இல்லை. விதைச்ச வயலுக்கை போறேல்லை, வரம்பிலையும் ஏறுறேல்லை, "தம்பியவை, வரம்பை உடைச்சுப்போடாதையுங்கோ" எண்டு ஐயா ஒராள் சொன்னது நியாயம்தான். ஓடி முடிய உடனை கிணத்தடியிலை கழுவிப்போடுங்கோ, களி காஞ்சா பிறகு பிறேக் கட்டைக்கை இருந்து ஸ்குறூடிறைவராலை கிண்டித்தான் எடுக்கவேணும்.