சைக்கிளில் போய் இரவுச் சாப்பாடு வாங்குவோர் கவனத்துக்கு: கட்டி வைத்த பொட்டலத்தை வாங்காதீர்கள்

கூட்டம் கலைந்து தெரு அடங்கிய பிறகு தள்ளுவண்டிக் கடையில் சாப்பாடு கேட்டால், கேட்ட கையோடு பொட்டலம் வந்துவிடுகிறது. "இப்பத்தான் கட்டுனது, சூடா இருக்கு" என்பார் கடைக்காரர். தொட்டால் சூடுதான். வீட்டில் பிரித்தால் மேலே மட்டும் ஆவி பறக்கும், நடுவில் சோறு சில்லிட்டுக் கட்டி தட்டிக் கிடக்கும். மாலைக் கூட்டத்துக்காகக் கட்டி விற்காமல் தங்கியது அது. ஒரு கரண்டி கொதிக்கும் சாறை ஊற்றியோ, கல்லின் ஓரத்தில் கொஞ்ச நேரம் வைத்தோ புதிது போலக் காட்டிவிடுகிறார்கள். சைக்கிளில் வந்தவர் அவ்வளவு தூரம் திரும்ப மிதித்து வந்து கேட்கமாட்டார், வந்தாலும் கடை எடுத்துவைத்தாகியிருக்கும் என்ற தைரியம்தான். நேர்மையாக நடத்துகிற கடைகளும் நிறைய உண்டு. அவர்களிடம் கண்ணெதிரே கட்டித் தரச் சொன்னால் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இதை ருசிக் குறை என்று விட்டுவிட முடியாது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெளிவெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சோறு, நூடுல்ஸ் இரண்டிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டையும் தாங்கி நிற்கும். உணவு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. ஆகவே வீட்டில் நன்றாகச் சுடவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும்.

பணம் கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். பொட்டலத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேலே சுட்டு அடியில் வெதுவெதுப்பாக இருந்தால் பழையதுதான், ஐயமே வேண்டாம். டப்பா என்றால் மூடியின் உட்புறம் பாருங்கள்: ஆவிக்குப் பதில் பெரிய நீர்த்துளிகள் தொங்கினால் அடைத்து நேரமாகிவிட்டது. அடுப்பு அணைந்திருக்கும்போது "சூடானது" எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அடிக்கடி வெளியில் வாங்குகிறவர்கள் ஊசி முனையுள்ள உணவு வெப்பமானி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. நடுப்பகுதியில் குத்தினால் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது; மறுபடி சூடாக்கியது என்றால் 74 டிகிரி தொட்டிருக்க வேண்டும்.

மூடி இறுகும் பாத்திரத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் பாதி ஏமாற்று நின்றுவிடும். சட்டியிலிருந்து நேராக அதில்தானே போட்டாக வேண்டும். கடைகளில் தரும் மெல்லிய பையில் சூடான சாறு கட்டினால் முடிச்சருகே கசியும், ஒரு வேகத்தடையில் பிய்த்துக்கொள்ளும். அந்தப் பையை ஹேண்டில்பாரில் மாட்டவே மாட்டாதீர்கள். திருப்பத்தில் ஊசலாடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கினால் சக்கரம் சட்டென்று நின்று, ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஒரு பிரேக்தான் மிஞ்சும். பின்கேரியரில் பாத்திரத்தை நிமிர்த்தி, இரண்டு ரப்பர் கயிற்றைக் குறுக்காகப் போட்டு இறுக்குங்கள்.

ஆளில்லாத தெரு என்று பூட்டாமல் நிறுத்தவும் வேண்டாம். பின்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு கம்பத்தோடு பூட்டி, சாவியைப் பையில் போட்ட பிறகே சாப்பாட்டைச் சொல்லுங்கள்.

ஏமாந்து வீடு வந்துவிட்டால் சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள். கொட்டும் முன் பொட்டலத்தைப் பிரித்த நிலையில், வெப்பமானி எண் தெரிய, நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது கடை நின்ற இடத்தோடு இதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.