கடனா, கறவை மாடா?

ஏழைப் பெண்களைக் கைதூக்கிவிட வங்கதேசத்தில் பிறந்த இரண்டு வழிகள் உலகெங்கும் பரவின. ஒன்று, கிராமீன் வங்கியின் குறுங்கடன், அதாவது ஏழைகளுக்குத் தரும் சிறு தொகைக் கடன். ஜோப்ரா கிராமத்தில் 1976-ல் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983-ல் வங்கியானது. 2006-ல் நோபல் அமைதிப் பரிசும் வந்தது. மற்றொன்று, பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 2002-ல் கொண்டுவந்த பரம ஏழைகளுக்கான திட்டம். மாடோ ஆடோ இலவசமாகவே கிடைக்கும்.

குறுங்கடனுக்கு அடமானம் வேண்டாம். ஆனால் வாராவாரம் தவணை கட்டியாக வேண்டும். சின்னதாக ஒரு கடை, தையல் மெஷின் என்று ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இது நல்ல உதவி. வீட்டுவேலையும் வயல் கூலியுமாக வயிற்றைக் கழுவுகிறவர், வாங்கிய மாடு கன்று போட்டுப் பால் கறக்கும் முன்பே எதைக் கொண்டு தவணை கட்டுவார்?

பிராக் திட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. மாட்டோடு வளர்ப்புப் பயிற்சி, வீடு தேடி வரும் ஊழியர், சில மாதங்களுக்கு உதவித்தொகை. அந்தத் தொகை மிக முக்கியம். அது இல்லையென்றால் அரிசி வாங்கவே மாட்டை விற்க நேரிடும். எத்தியோப்பியா, கானா, பெரு உட்பட 6 நாடுகளில் இதே முறையைச் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது: திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்தது. அதே ஆண்டு வந்த குறுங்கடன் ஆய்வுகளிலோ சராசரி வருமானம் பெரிதாக உயரவில்லை.

செலவு பிராக் முறைக்குத்தான் அதிகம். கடன் திரும்பி வரும், மாடு வராது. இருந்தாலும் அரசுப் பணம் முதலில் போக வேண்டியது இந்த அடிமட்டக் குடும்பங்களுக்கே என்பேன். கடை வைத்திருப்பவருக்குக் குறுங்கடன் தொடரட்டும்.