ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்த பேய்கள்

பயம் வந்தால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் காதைப் பொத்துகிறவன். கதவிடுக்கில் நான்கு விரல்கள் தெரிந்தால் நன்றாகவே பார்த்துவிடுவேன். அதற்குமுன் ஒரு வயலினை இழுத்துக்கொண்டே வருவார்களே, அதைத்தான் தாங்க முடியாது. ஆகவே பேய்ப் படம் ஓடும்போது ரிமோட் என் கையில்தான் இருக்கும். இசை கொஞ்சம் கனத்தால் போதும், கட்டைவிரல் தானாக ஒலியைக் குறைத்துவிடும். "நீ படம் பார்க்கிறாயா, ரிமோட்டோடு மல்லுக்கட்டுகிறாயா?" என்பாள் அக்கா. அவளுக்கு எந்தப் பேயைக் கண்டும் பயமில்லை. படத்தில் நாய் செத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

இந்தக் கோழைத்தனத்தில் ஒரு லாபமும் உண்டு. சத்தத்தை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலான படங்களில் யாரோ ஒருவர் டார்ச்சோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான் மிஞ்சும். குறைந்த செலவில் எடுத்த படங்களில் இது இன்னும் மோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காசில்லாதவர்களுக்குக் கிடைக்கும் மலிவான ஆயுதம் திடீர்ச் சத்தம்தானே. கடந்த சில வாரங்களில் அப்படிப்பட்ட படங்களாகத் தேடிப் பார்த்ததில் அந்த நினைப்பு பாதி சரி, பாதி தவறு என்று ஆயிற்று.

முதலில் பார்த்தது 'ஹோஸ்ட்'. 2020 ஊரடங்கின்போது ராப் சாவேஜ் எடுத்த படம். ஆறு நண்பர்கள் ஜூம் அழைப்பில் கூடி ஆவியைக் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி விளையாட்டாக, இல்லாத ஓர் ஆவியைப் பற்றிக் கதை கட்டிவிட, அந்தக் காலி இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இயக்குநர் வேறு வீட்டிலிருந்து சொல்லச் சொல்ல, நடிகர்களே தங்கள் வீட்டில் கேமராவையும் விளக்கையும் வைத்து நடித்திருக்கிறார்கள். படம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. என் ரிமோட் சோதனையில் பாதிக்கு மேல் மதிப்பெண் வாங்கிவிட்டது. காரணம் ஒரு காட்சி. முகத்தின்மேல் வேடிக்கை முகமூடி போடும் ஃபில்டர் இருக்கிறதல்லவா, அது ஆளில்லாத இடத்தில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து, அந்தரத்தில் முகமூடியை மாட்டிவிடுகிறது. சத்தமே தேவைப்படவில்லை. தரையில் தூவிய மாவில் கால்தடம் பதிகிற காட்சியும் உண்டு. அது பழைய வித்தை. ஃபில்டர்தான் இரண்டு நாள் என்னை விடவில்லை. அலுவலகக் கூட்டங்களில்கூட என் முகத்தை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது 'ஸ்கினமரிங்க்'. கனடாக்காரர் கைல் எட்வர்ட் பால், தான் வளர்ந்த வீட்டிலேயே 15,000 டாலரில் எடுத்த படம். நான்கு வயதுப் பையனும் ஆறு வயது அக்காவும் இரவில் விழித்துப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பிறகு கதவுகளும் ஜன்னல்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கதை இவ்வளவுதான். கேமரா யாருடைய முகத்தையும் நேராகக் காட்டாது. கூரையின் மூலை, கால்கள், கம்பளத்தில் சிதறிய பொம்மைக் கட்டைகள், தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் என்று நூறு நிமிடம் ஓடுகிறது. பேச்செல்லாம் கிசுகிசுப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேய்ப் படத்துக்கு ஒலியைக் கூட்டி வைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். குழந்தைகள் விளையாடும், கண்கள் உருளும் பொம்மைத் தொலைபேசி ஒன்று வருகிறது. அது அலறிய அலறலில் ரிமோட் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. என்னைக் கேட்டால் அது ஏமாற்று வேலை. அவ்வளவு நேரம் பொறுமையாக இருட்டைச் சேர்த்துவைத்துவிட்டு, கடைசியில் காதுக்குப் பக்கத்தில் வந்து தட்டு உடைக்க வேண்டுமா?

ஆனாலும் அந்தப் படத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மேல் அறையில் அப்பா கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் பார் என்கிறார். சிறுமி குனிகிறாள். கேமராவும் குனிகிறது. அடியில் ஒன்றும் இல்லை. நிமிர்வதற்குள் மேலே என்ன மாறியிருக்குமோ என்று நாமே எதையெதையோ நினைத்துக்கொள்கிறோம். என் அக்காவோ இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். இரவில் தனியாக, வேறு வேலை இல்லாதபோது பார்க்க வேண்டிய படம். கூட்டமாகப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

'வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி' பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வின்னி த பூ என்ற கரடியைப் பற்றி 1926இல் வந்த குழந்தைகள் புத்தகத்தின் அமெரிக்கக் காப்புரிமை 2022 ஜனவரியில் காலாவதியானதும், அந்தக் கரடியைக் கொலைகாரனாக்கிவிட்டார்கள். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் முழுக்க அசையாத ஒரு ரப்பர் முகம். ஒலியைக் குறைத்தால் யாரோ முகமூடி போட்டுக்கொண்டு தோட்டத்தில் நடப்பதாகத் தெரிகிறது. ஒலியைக் கூட்டினாலும் அப்படித்தான்.

'டெரிஃபையர் 2' என் சோதனையையே கேலி செய்துவிட்டது. அதில் வரும் கோமாளி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். எல்லாம் ஊமை நடிப்பு. ஒலியை எடுத்தாலும் அவனிடம் எதுவும் குறையவில்லை. அந்த நடிகர் உண்மையிலேயே கெட்டிக்காரர். ஆனால் எனக்கு வந்தது பயமில்லை, குமட்டல். இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல் ஒருவன் ரசித்து ரசித்து வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் முடித்தேன்.

எனக்கு வாய்த்த புதையல் அயர்லாந்துக்காரர் டேமியன் மெக்கார்த்தி. அவருடைய 'கேவியட்' (2020) பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. மனநலம் குன்றிய ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒருவன் போகிறான். போன பிறகுதான் வீடு தீவில் இருக்கிறது என்கிறார்கள். அவனுக்கு நீச்சல் தெரியாது. அப்புறம், உடம்பில் தோல் கச்சை மாட்டிச் சங்கிலியில் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சங்கிலியின் நீளம்தான் அவன் உலகம். 'அந்த வேலையை அப்போதே வேண்டாம் என்று சொல்லித் தொலையேன்' என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். படத்தில் ஒரு முயல் பொம்மை இருக்கிறது. மயிர் உதிர்ந்து, கண்கள் மட்டும் மனிதக் கண்கள் மாதிரி; கையில் சின்ன முரசு. ஏதோ ஒன்று நெருங்கினால் தானாக முரசடிக்கும். வழக்கம்போல நான் ஒலியை நிறுத்தினேன். பயன் இல்லை. குச்சிகள் மேலும் கீழும் போய்வருவது தெரிகிறதே. சத்தமில்லாமல் அடிக்கிற முரசு சத்தத்தோடு அடிப்பதைவிட மோசம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவரே எடுத்த 'ஆடிட்டி' (2024) இன்னும் தேர்ந்த படம். தொடக்கத்திலேயே ஒரு பெண் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒற்றைக் கண்ணாடிக் கண்ணோடு ஒருவன் வந்து கதவைத் தட்டி, நீ காருக்குப் போனபோது யாரோ உள்ளே நுழைந்ததைப் பார்த்தேன், கதவைத் திற என்கிறான். நம்புவதா, வேண்டாமா? கதவுக்கு எந்தப் பக்கம் ஆபத்து? இந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு கதவும் இரண்டு நடிகர்களும்தான் செலவு. பிறகு அவளுடைய பார்வையற்ற இரட்டைச் சகோதரி, ஆளுயர மரமனிதன் ஒன்றை அந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாள். வாயைப் பிளந்தபடி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அசையாது. அசையாமல் இருப்பதுதான் கொடுமை. எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் யாரையும் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்தபோதுதான் கவனித்தேன், கடைசி அரை மணி நேரம் நான் ரிமோட்டைத் தொடவே இல்லை.

கடைசியாக 'குட் பாய்' (2025). கதாநாயகன் ஒரு நாய். பென் லியோன்பெர்க் தன் சொந்த நாய் இண்டியை வைத்து மூன்று ஆண்டுகளில் நானூறு நாள் படம்பிடித்திருக்கிறார். மனித முகங்கள் தெளிவாகத் தெரியவே தெரியாது. கேமரா நாயின் உயரத்தில்தான் போகிறது. அது நடிக்கவில்லை, காலி மூலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்தப் பார்வை போதும். கதை நடுவில் சுற்றிச் சுற்றி வருகிறது, எழுபது சொச்சம் நிமிடமே கொஞ்சம் நீளம். அக்காவைக் கூப்பிட்டபோது அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். நான் முன்கூட்டியே கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். முடிவைச் சொல்லக் கூடாது. "வந்து உட்கார், எழுந்து போக வேண்டியிருக்காது" என்று மட்டும் சொன்னேன். வந்து உட்கார்ந்தாள், ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு.